இருபதில் நின்ற முள்

முள்ளைப் பிடுங்குவதற்கு முன்னால் அது எங்கே நின்றது என்று குறித்துக்கொள்ளவில்லை. அவ்வளவுதான் நடந்த தப்பு. மீதியெல்லாம் அதன் பலன்.

என் பெயர் ராக்கியண்ணன். வாழ்நாள் பூராவும் லாரி ஓட்டினவன். ஊர் வெள்ளக்கரடு, தெரு கரட்டுத் தெரு. தெருவின் நடுவில் என் வீடு, வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை, கொட்டகையில் மூக்கைக் கிழக்கே வைத்து நிற்கும் ஒரு பழைய வெள்ளை மாருதி. அதன் மீட்டர் டயல் வெயிலில் வெந்து மஞ்சளாகி, எண்களெல்லாம் அழிந்து, வெறும் முள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு அது போதும். எத்தனை வேகத்தில் போகிறேன் என்று என் உள்ளங்காலுக்குத் தெரியும்.

என் மாப்பிள்ளைக்கு அது பொறுக்கவில்லை.

மாப்பிள்ளை நவநீதன் நூல் மில்லில் சூப்பர்வைசர். நாலு மாசமாக என் மகள் என் வீட்டில்தான் இருந்தாள். அவள் செய்த குற்றத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். கொடுமுடிக்குப் போக இவன் அண்ணன்மார், அண்ணிமார் எல்லாரும் மூட்டை கட்டி உட்கார்ந்திருந்தபோது, ரயில் எட்டு மணிக்கு என்று இவன் சொல்லியிருக்கிறான். "ஏழரைங்க" என்று இவள் சொல்லியிருக்கிறாள். ஏழரைக்கே போய் ரயிலைப் பிடித்துவிட்டார்கள். அதுதான் குற்றம். ரயிலைத் தவறவிட்டிருந்தால்கூட மன்னித்திருப்பான். அண்ணன்மார் முன்னால் தன்னைத் திருத்திவிட்டாளாம். மறுநாளே பெட்டியோடு கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான்.

நாலு மாசம் கழித்து வந்தான். பெண்டாட்டியைக் கூட்டிப்போக வருகிறவன் பூ வாங்கி வருவான். இவன் டயல் வாங்கி வந்தான்.

"பாருங்க மாமா, வெள்ளை டயல், செவப்பு எழுத்து. ராத்திரியில பளபளன்னு இருக்கும். மெக்கானிக்கெல்லாம் எதுக்கு? வீடியோ பாத்திருக்கேன். நானே மாத்திப்போடறேன்."

"இருக்கட்டுங்க மாப்பிள்ளை, எதுக்குச் சிரமம்" என்றேன். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையிடம் வேண்டாம் என்று சொல்ல இதற்கு மேல் வார்த்தை கிடையாது.

மறுநாள் விடிந்ததும் பல் விளக்கிய கையோடு கொட்டகைக்குள் நுழைந்தான். டேஷ்போர்டைக் கழற்றினான், மீட்டர் பெட்டியை வெளியே இழுத்தான், கேபிளை உருவினான், கண்ணாடியை எடுத்தான், என் வீட்டுக்காரி பாவாயி காபி கலக்கும் இரண்டு ஸ்பூனை வாங்கி, முள்ளுக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று கொடுத்து நெம்பிப் பிடுங்கினான். பழைய டயலை எடுத்து எறிந்தான், புதியதை வைத்துத் திருகினான், முள்ளை அழுத்தினான். என் மகள் பக்கத்தில் நின்று செல்போன் வெளிச்சம் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

எல்லாவற்றையும் மாட்டி முடித்தபோது முள் இருபதில் நின்றது.

சாவி போடவில்லை. கார் நகரவில்லை. நாலு சக்கரத்துக்கும் கல் கொடுத்திருந்தேன். முள் மட்டும் இருபது.

அந்தக் காரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது ஒரு நாளும் பொய் காட்டியதில்லை. மேட்டில் முக்கினாலும் பள்ளத்தில் பறந்தாலும் உள்ளதை உள்ளபடி காட்டிய மீட்டர் அது. அப்படிப்பட்ட மீட்டர் இருபது என்று சொன்னால் ஏதாவது ஒன்று இருபதில் ஓடித்தான் ஆக வேண்டும். கார் ஓடவில்லை. அதனால் தெரு ஓடியது.

முதலில் கண்டது தெருமுனையில் இட்லிக் கடை வைத்திருக்கும் மாரக்காள். கடைக்கு எதிரே மின்கம்பத்தில் அவள் கட்டியிருந்த ஆடு பின்னால் போவதைப் பார்த்திருக்கிறாள். ஆடு நிற்கிறது, கம்பம் நிற்கிறது, கடைதான் போகிறது என்று புரிய அவளுக்கு ஓர் ஈடு இட்லி வேகும் நேரம் ஆனது. "அட, என்ற ஆடு!" என்று கத்தினாள். பிறகு மூடியைத் திறந்து இட்லியை எடுத்தாள். இல்லாவிட்டால் குழைந்துவிடுமே.

கம்பிகள் அறுந்து தொங்கின. தண்ணீர்த் தொட்டி பின்தங்கியது. பள்ளிக்கூடம் அடுத்த தெருவில் இருந்ததால் அது ஊரோடு நின்றுவிட, பிள்ளைகள் போட்ட கூச்சலில் காக்கையெல்லாம் பறந்தது. இரண்டு பக்கத்து வீடுகளும், சாக்கடையும், வேப்ப மரமும், கயிற்றில் காயப்போட்ட துணியுமாக எங்கள் தெரு ஊரைவிட்டுக் கிளம்பி, கரட்டுக் குன்றைத் தாண்டி, சோளக்காட்டுக்குள் இறங்கியது. சோளக்காடு பாய் மாதிரி ஓரமாகச் சுருண்டுகொண்டது, தெரு போனபின் விரித்துப் போட்டது போலப் படிந்தது. ஒரு சோளத்தட்டுக்கூட ஒடியவில்லை.

நான் காரில் ஏறி பிரேக்கை மிதித்தேன். நிற்கிற காருக்கு என்ன பிரேக். ஸ்டியரிங்கை ஒடித்தேன். சக்கரம் திரும்பியது, தெரு திரும்பவில்லை.

மாப்பிள்ளை எட்டிப் பார்த்தான். "சூப்பரா இருக்குதுல்லீங்க மாமா?"

"இருக்குதுங்க மாப்பிள்ளை" என்றேன். என் வாய் புழுத்துப்போக.

தெரு ஏன் ஓடுகிறது என்று எல்லாருக்கும் சீக்கிரமே தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன? எங்கள் தெருவில் மாப்பிள்ளை கை வைத்த வேலையை யாரும் மாற்றக் கூடாது. மாற்றினால் அவமானம், அவன் முறுக்கிக்கொண்டு போவான், பெண் பிறந்த வீட்டில் கிடப்பாள். வார்டு மெம்பர் குழந்தைவேலு வீட்டுக் கதவு தலைகீழாகத்தான் தொங்குகிறது, பெரிய மாப்பிள்ளை மாட்டியது. அந்த வீட்டில் எல்லாரும் குனிந்துதான் பூட்டுவார்கள், குனிந்து குனிந்து மெம்பர் சம்சாரத்துக்கு முதுகே வளைந்துபோயிற்று. தெருக்கோடியில் ஒரு குழி இருக்கிறது, எந்த வீட்டு மாப்பிள்ளையோ இங்கே தண்ணீர் வரும் என்று கை காட்டித் தோண்டியது. தண்ணீர் வரவில்லை. மூடவும் இல்லை. மழைக்கு மழை ஒரு கோழியாவது அதில் விழும். கோழியைத்தான் திட்டுவார்கள்.

அதனால் தெரு மொத்தமும் என் கொட்டகைக்கு வந்தது, டயலைப் பார்த்தது, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனது. மெம்பர் குழந்தைவேலு ஒரு துண்டு கொண்டுவந்து மாப்பிள்ளை தோளில் போட்டார்.

"எத்தன வருசமா மனு குடுத்திருப்பேன், ஒரு பஸ் வரல. இப்பப் பாருங்க, தெருவே பஸ்சாயிருச்சு! எல்லாம் உங்க கைராசிங்க மாப்பிள்ளை."

"சின்ன வேலதானுங்க" என்றான் இவன்.

"மெம்பரே, கெழக்கே என்ன இருக்குது தெரியுமா?" என்று கேட்டேன்.

"நாமக்கல்லு."

"அதுக்கும் கெழக்கே?"

"பெரம்பலூரு."

"அதுக்கும் கெழக்கே?"

"நம்ம வேலை முடிஞ்சா எறங்கிக்கலாமுங்க. எதுக்கு அத்தன தூரம் யோசிக்கறீங்க?" என்று சொல்லிவிட்டு, தலைகீழ்க் கதவுக்குள் குனிந்து போனார்.

கடல் இருக்கிறது. கிழக்கே கடல்தான் இருக்கிறது. லாரி ஓட்டினவனுக்குத் தெரியாதா? இருபதில் விட்டால் விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கடல்.

நாமக்கல் மலையைத் தெரு கயிறு மாதிரி வளைந்து சுற்றிக்கொண்டு போனது. சுங்கச்சாவடியில் ஒரு பையன் வெளியே வந்து கட்டணப் போர்டைப் பார்த்தான். கார் இருந்தது, பஸ் இருந்தது, லாரி இருந்தது, தெரு இல்லை. மறுபடி பார்த்தான். பிறகு கட்டையைத் தூக்கி, போங்க போங்க என்று கை காட்டினான். வழியில் இருந்த ஊர்க்காரர்கள் முதலில் எந்த ஊருங்க என்று கேட்டார்கள். அடுத்து, திரும்பி எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டார்கள். மூன்றாவதாகப் பையோடு ஏறிவிட்டார்கள். பெரம்பலூர்ப் பக்கம் பருத்தி மூட்டையோடு ஒரு அம்மா ஏறி, "இது எது வரைக்கும் போவும்?" என்று கேட்டாள்.

"முடியற வரைக்கும் போகும். நீ இட்லி சாப்பிடறியா?" என்றாள் மாரக்காள். அவளுக்கு வாழ்நாளில் அப்படி ஒரு வியாபாரம் நடந்ததில்லை. ஆட்டைக்கூட மறந்துவிட்டாள்.

மத்தியானத்துக்குள் எல்லாம் பழகிவிட்டது. போகிற போக்கில் குழாயடிகளில் குடத்தை நீட்டித் தண்ணீர் பிடிக்கப் பழகினார்கள், ஒரு குடம் நிறைய நாலு ஊர் ஆனது. கயிற்றுத் துணி காற்றில் சீக்கிரம் காய்கிறது என்றார்கள். புழுக்கம் இல்லை என்றார்கள். கதவைத் திறந்தால் தினம் ஒரே மூஞ்சியைப் பார்க்க வேண்டியதில்லை என்றார்கள். கடல் என்று நான் சொன்னால், மாப்பிள்ளை அதையெல்லாம் யோசிக்காமலா வைத்திருப்பார் என்றார்கள். கத்தினேன். வயசானால் இப்படித்தான் என்றார்கள்.

நான் காரை விட்டு இறங்கவில்லை. பாவாயி சோற்றைக் கொட்டகைக்கே கொண்டுவந்தாள்.

"ஒரே நிமிசம் புள்ள. கண்ணாடியக் கழட்டி முள்ளப் புடுங்கி வெச்சா முடிஞ்சுது."

"அவுரு பாத்துட்டா?"

"பாக்கட்டும்."

"உங்களுக்கென்ன, கோவப்பட்டுட்டு வெத்தலய மென்னுட்டு உக்காந்துக்குவீங்க. புள்ள ஆயுசுக்கும் இங்கயே உக்காரோணும். இன்னிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு வாய்விட்டுச் சொல்லியிருக்கறாருங்க. பொட்டிகூடக் கட்டிட்டா. அவ பொழப்புங்க."

மகள் கட்டிய பெட்டி கட்டிலடியில் இருந்தது. நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். இந்தக் கை லாரியை மலையில் பின்னுக்கு எடுத்த கை. ஒரு முள்ளைத் தொட முடியவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் சோறு இறங்கவில்லை. அவன்மேல் ஆத்திரம், துண்டு போட்டவன்மேல் ஆத்திரம், இட்லி விற்றவள்மேல் ஆத்திரம், மாமா மாமா என்று கூப்பிட்டால் வாயை மூடிக்கொள்ளும் என்மேல் எல்லாரையும்விட ஆத்திரம்.

ஜெயங்கொண்டம் தாண்டியது. மண் நிறம் மாறியது. சவுக்கு மரம் வந்தது. காற்றில் உப்பு வந்தது. வீட்டுக் கதவெல்லாம் பிசுபிசுத்தது. அப்போதும் ஒருவனும் வாய் திறக்கவில்லை. மெம்பர் மட்டும், "கடலோர வார்டுன்னா கொஞ்சம் கவுரவந்தானுங்க" என்றார்.

கரையில் நின்ற மீன்காரர்கள்தான் முதலில் கத்தினார்கள். "ஏய், தெரு வருது! வலைய எடு, வலைய எடு!" எடுத்தார்கள். படகுகளை ஒதுக்கினார்கள். எங்கள் தெரு மணலில் இறங்கி, நண்டுகளை விரட்டிக்கொண்டு, அதே இருபதில், நேராகக் கடலுக்குள் தலையை நீட்டியது.

மாரக்காள் அடுப்பு உஸ்ஸென்று அணைந்தது. தெருமுனையில் கணுக்கால் தண்ணீர். அடுத்த வீட்டில் முழங்கால். வழியில் ஏறினவர்கள் பையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கி ஓடினார்கள். எங்கள் தெருக்காரர்கள் ஓடவில்லை. பண்டபாத்திரத்தைப் பரணில் ஏற்றினார்கள், கோழியைக் கூரையில் ஏற்றினார்கள், பாயைச் சுருட்டினார்கள், "கடல் ஒதுங்கிக்கும், சோளக்காடு ஒதுங்குச்சில்ல" என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டார்கள். கடல் ஒதுங்கவில்லை. அதற்கு எங்கள் வீட்டு மாப்பிள்ளை யாரென்று தெரியாது.

என் கொட்டகைக்குள் தண்ணீர் வந்தது. மாப்பிள்ளை பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வாசலில் நின்றான்.

"கொஞ்ச தூரம் போனா செட் ஆயிரும் மாமா. புது டயல் அப்படித்தான்."

அப்போதுதான் மகள் வந்தாள். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். கையில் இரண்டு ஸ்பூன்.

"நவுருங்கப்பா."

நகர்ந்தேன். இடது பக்க சீட்டுக்கு. சொந்தக் காரில் அந்த சீட்டில் நான் உட்கார்ந்ததே கிடையாது.

அவள் உட்கார்ந்து டேஷ்போர்டுத் திருகுகளைக் கழற்ற ஆரம்பித்தாள். காலையில் வெளிச்சம் பிடித்தவள். எது எங்கே என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"இந்தா, அதுல கை வெக்காத" என்றான் மாப்பிள்ளை.

அவள் நிறுத்தவில்லை.

"உன்னத்தான் சொல்றேன். கை வெச்சீன்னா இங்கயே இருந்துக்க வேண்டியதுதான். பொட்டியெல்லாம் கட்ட வேண்டாம்."

பாவாயி கதவோரத்தில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். தெருவே தண்ணீரில் நின்று பார்த்தது. மகள் கண்ணாடியைக் கழற்றி என் மடியில் வைத்தாள். அவனைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை.

"ரயிலு ஏழரைக்குத்தானுங்க" என்றாள். "முள்ளு ஜீரோவுலதானுங்க."

இரண்டு ஸ்பூனையும் கொடுத்து நெம்பினாள். முள் வந்தது.

மீட்டர் பெட்டியின் விளிம்பில் ஒரு கறுப்புப் பொட்டு இருந்ததை அப்போதுதான் கண்டேன். கண்மை. காலையில் அவன் ஸ்பூன் எடுக்கத் திரும்பிய நேரத்தில், முள் நின்ற இடத்தில் தன் கண்ணைத் தொட்டு வைத்திருக்கிறாள். குறித்தவள் அவள். பகலெல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்ததும் அவள்தான். நான் வளர்த்த லட்சணம் அது.

பொட்டுக்கு நேராக முள்ளை அழுத்தினாள். தெரு நின்றது. காலையிலிருந்து காதில் இருந்த இரைச்சல் நின்று அலைச்சத்தம் மட்டும் கேட்டது.

மாப்பிள்ளை விறுக்கென்று திரும்பினான். வீட்டுக்குள் போய்ப் பையை எடுத்தான், துண்டைக் கழற்றி எறிந்தான், தண்ணீரில் இறங்கிக் கரைக்கு நடந்தான். மணலில் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். போகவில்லை. நின்றான். எதற்கு நின்றான் என்று தெருவுக்கே தெரியும். மாமனார் பின்னால் ஓட வேண்டும், கையைப் பிடிக்க வேண்டும், சின்னப் பிள்ளை தெரியாமல் செய்துவிட்டது என்று சொல்ல வேண்டும். அதுதான் முறை.

"போங்க, போய்க் கூப்பிடுங்க" என்றார் மெம்பர். மாரக்காளும் சொன்னாள். ஆளாளுக்குச் சொன்னார்கள்.

நான் மகளைக் கேட்டேன். "கூப்பிடட்டுமா கண்ணு?"

"வேண்டாங்கப்பா. வர்றதுன்னா வரட்டும். வீடு எங்கிருக்குதுன்னு அவருக்குத் தெரியும். இனி அது நவுராது."

சொல்லிவிட்டு முள்ளை மறுபடி பிடுங்கினாள். ஜீரோவுக்கு இடது பக்கம் எண் கிடையாது, வெறும் வெள்ளைதான். இருபது அந்தப் பக்கம் எவ்வளவு தள்ளியிருந்ததோ அவ்வளவு இந்தப் பக்கம் தள்ளி வைத்து அழுத்தினாள். தெரு ஒரு குலுக்குக் குலுக்கி, கடலை வடித்துக்கொண்டு, பின்னுக்குக் கிளம்பியது. மணலில் நின்றவன் அப்போதுதான் திரும்பிப் பார்த்தான். கையைத் தூக்கினான். டாட்டாவா, நில்லு என்றானா, தெரியவில்லை. நான் கேட்டுக்கொள்ளவில்லை.

வந்த வழியே போனோம். போகும்போது ஏறி இடையிலேயே இறங்கியிருந்தவர்களில் சிலர் இறங்கின ஊரில் காத்திருந்தார்கள், திரும்பி வரும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, இருந்தாலும் காத்திருந்தார்கள். மகள் மடியில் ஸ்பூனை வைத்துக்கொண்டு கண் மூடாமல் உட்கார்ந்திருந்தாள். பாவாயி அழுதாள், பிறகு தூங்கிவிட்டாள். வெளிச்சம் வந்தபோது ஆட்டின் குரல் கேட்டது. முந்தின நாள் முழுக்கக் கம்பத்தடியில் நின்று கத்தித் தொண்டை கட்டியிருந்தது அதற்கு. அந்தக் குரலை வைத்து மகள் முள்ளைப் பொட்டுக்குக் கொண்டுவந்தாள்.

ஒரு சாண் தள்ளித்தான் நின்றது. தெருமுனையில் அந்த இடைவெளி இன்னும் இருக்கிறது. பிள்ளைகள் தாண்டிக் குதிக்கிறார்கள். மாரக்காள் ஆட்டைக் கட்டிக்கொண்டு அழுதாள், பிறகு அதைத் திட்டினாள்.

அன்றைக்கு மத்தியானம் மெம்பர் சம்சாரம் யாரையும் கேட்காமல் கதவைக் கழற்றித் திருப்பி மாட்டினாள். மாட்டிவிட்டு, நிமிர்ந்து நின்று பூட்டிப் பார்த்தாள். மறுபடி பூட்டிப் பார்த்தாள். அதைக் கண்டுவிட்டு நாலு பேர் மண்வெட்டியோடு கோழிக்குழிப் பக்கம் போனார்கள். மெம்பரின் பெரிய மாப்பிள்ளை கோபித்துக்கொண்டாராம். கோபித்துக்கொள்ளட்டும்.

நவநீதன் வருவானோ மாட்டானோ. அந்தப் பெட்டியை மகளே பிரித்து, துணியை அலமாரியில் அடுக்கிவிட்டாள். காரை இப்போது அவள்தான் ஓட்டுகிறாள். ஜீரோ என்றால் ஜீரோ, நாற்பது என்றால் நாற்பது.

ஆனால் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. டீக்கடையில் கதை வேறு மாதிரி ஓடுகிறது. கடலே பயந்து திருப்பி அனுப்பியது என்கிறான் ஒருவன். தெருவைத் திருப்பிக் கொண்டுவந்தது மெம்பர் என்று போஸ்டரே ஒட்டிவிட்டார்கள். ராக்கியண்ணன் லாரிக்காரர், அவர் கையைத் தவிர வேறு யாரால் முடியும் என்று என்னையே கும்பிடுகிறான் இன்னொருவன். இந்தா, புள்ள, கண்ணு, மாமா வீட்டுப் பொண்ணு என்று அன்றைக்குப் பூராவும் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்களே ஒழிய ஒரு வாய்கூட அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, என் வாய் உட்பட. அதனால் எழுதி வைக்கிறேன். முள்ளை அதன் இடத்தில் வைத்தவள் சாருமதி.